செரண்டிபிற்றி: நம் தீவின் பெயரைச் சுமந்த ஓர் ஆங்கிலச் சொல்



சொற்களின் பிறப்பையும் வாழ்வையும் பற்றிப் பேசிவரும் இவ்வரிசையில் இன்று நான் எடுத்துக்கொள்வது தமிழ்ச் சொல் அன்று. ஓர் ஆங்கிலச் சொல். தமிழாசிரியனுக்கு ஆங்கிலச் சொல்லோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இச்சொல்லின் உள்ளே நமது தீவின் பழைய பெயர் ஒன்று குடியிருக்கிறது. அதுமட்டுமன்று, இச்சொல்லை முன்னிட்டு வகுப்பறையிலே நான் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையைத் திருத்திக்கொண்ட கதையையும் சேர்த்தே இன்று சொல்லப்போகிறேன்.

சொல் இதுதான்: செரண்டிபிற்றி.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடம் முடிந்து என் பாடத்துக்கு வந்தவன், கதிரையில் அமர்வதற்கு முன்னரே கேட்டான்: "சேர், இந்தச் சொல்லு எங்கட நாட்டின்ர பேரிலயிருந்துதான் வந்ததாம். உண்மையோ?"

"உண்மைதான் தம்பி. நாட்டின்ர பேர் மட்டுமில்லை, எங்கட தமிழ்தான் அது. சேரன் தீவு எண்டதைத்தான் அரபிக்காரர் செரண்டிப் எண்டு சொன்னவை" என்று நானும் மார்தட்டிக்கொண்டு சொல்லிவிட்டேன். வகுப்பு மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். எங்கோ ஒரு மேடையில் எப்போதோ கேட்டதைச் சற்றும் தயங்காமல் எடுத்து வைத்தேன்.

பின் வரிசையில் இருந்த இன்னொருவன் மெல்ல எழுந்தான். "எந்தப் பழைய நூலில சேர் 'சேரன் தீவு' எண்டு வருது?"

நேயர்களே, இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் தமிழ் படிப்பித்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்று பாடத்தைத் தொடங்கினேன். அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோது நான் கற்றுக்கொண்டவையே இன்றைய பேச்சு.

முதலில் சொல்லைப் படைத்தவரைப் பார்ப்போம். பெரும்பாலான சொற்களுக்குத் தந்தை யார், பிறந்த நாள் எது என்று எவருக்கும் தெரியாது. இச்சொல்லுக்கோ இரண்டும் தெரியும். 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, இங்கிலாந்தின் எழுத்தாளர் ஹொரேஸ் வோல்போல் ஒரு கடிதம் எழுதினார். இவர் இங்கிலாந்தின் முதலாவது பிரதமர் எனக் கொள்ளப்படும் றொபேட் வோல்போலின் மகன். 1764இல் 'ஒற்றான்ரோ கோட்டை' என்னும் நாவலை எழுதி, திகிற்கதை மரபொன்றை ஆங்கிலத்தில் தொடக்கி வைத்தவர். கடிதம் போய்ச் சேர்ந்தது இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு. அங்கு பிரித்தானியத் தூதுவராக இருந்த ஹொரேஸ் மான் என்பவர் இவருடைய நெடுநாளைய நண்பர்.

மான் தம் நண்பருக்கு ஓர் ஓவியத்தை அனுப்பியிருந்தார். வெனிஸ் நகரத்துக் கப்பெல்லோ குடும்பத்திற் பிறந்து, புளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பியங்கா கப்பெல்லோ என்னும் பெருமாட்டியின் உருவப்படம் அது. படத்தைப் பெற்றுக்கொண்ட வோல்போல், வெனிஸ் நகரத்துக் குலச்சின்னங்களைத் தொகுத்த பழைய நூலொன்றைப் புரட்டுகையில், கப்பெல்லோ குடும்பத்தின் சின்னங்களில் ஒன்றிலே நீல உருண்டையும் அதன்மேல் அல்லிப்பூவும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டார். அது மெடிசி குடும்பத்தின் அடையாளம். திருமண உறவின் பயனாக வந்து சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்று ஊகித்துக்கொண்டார். தேடாமல் அகப்பட்ட இந்தச் சிறு கண்டுபிடிப்பைச் சொல்லி மகிழும்போதுதான் அதற்கென்று தாமே ஒரு சொல்லை ஆக்கினார். முன்பு தாம் படித்த, 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்' என்னும் அற்பமான மாயக்கதை ஒன்றிலிருந்து அதனை ஆக்கியதாக எழுதினார். அந்த இளவரசர் பயணம் போகும் வழியெங்கும் தாம் தேடாதவற்றையே கண்டுபிடித்துக்கொண்டு போனார்களாம். அதுவும் தற்செயலாலும் கூரிய மதியாலும் கண்டுபிடித்தார்களாம். அந்தத் திறத்துக்கு அவர் இட்ட பெயரே செரண்டிபிற்றி.

இங்கு ஒரு நொடி நில்லுங்கள். தற்செயலும் மதியும் என்று அவர் இரண்டைச் சொன்னார். தேடிப்போன பொருள் கிடைத்தால் அது இச்சொல்லுக்குள் அடங்காது என்றும் வரம்பு கட்டினார். இதற்கு அவர் தந்த ஓர் உதாரணம் சுவையானது. ஒரு பிரபு விருந்துக்குப் போகிறார். அங்கு வீட்டுத் தலைவி தன் சொந்த மகளுக்கே வழக்கத்துக்கு மாறான மரியாதையோடு உணவு பரிமாறுவதைக் காண்கிறார். உடனே, இந்தப் பெண் அரசனின் தம்பியை இரகசியமாக மணந்துகொண்டாள் என்று அறிந்துகொள்கிறார். அரசனின் தம்பி பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் என முடிசூடியவர்; பெண் ஆன் ஹைட். பிரபு போனது விருந்துண்ண. கண்டது அரச குடும்பத்து மறைபொருள். விருந்தில் இருந்த எல்லோர் கண்ணிலும் அந்தக் காட்சி பட்டிருக்கும். அவர் ஒருவர்தாம் அதனை வாசித்தார்.

இனி, அற்பமானது என்று வோல்போல் ஒதுக்கிய அந்தக் கதைக்கு வருவோம். செரண்டிப் தேசத்து அரசன் தன் மூன்று புதல்வரையும் சகல கலைகளிலும் பயிற்றுவித்தபின், உலக அனுபவம் பெற்றுவரும்படி நாட்டைவிட்டு அனுப்புகிறான். அவர்கள் வேறொரு பேரரசனின் நாட்டை அடைகிறார்கள். வழியில், தன் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒருவன் எதிர்ப்படுகிறான்.

"உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடோ?" என்கிறான் ஒருவன். "ஒரு பல் இல்லையோ?" என்கிறான் மற்றவன். "ஒரு கால் நொண்டியோ?" என்கிறான் மூன்றாமவன். அத்துடன் நில்லாமல், அதன் முதுகில் ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் ஏற்றியிருந்ததாகவும், கருவுற்ற பெண்ணொருத்தி அதன்மேல் இருந்ததாகவும் சொல்கிறார்கள். அத்தனையும் சரி. ஆனால் ஒட்டகத்தைத் தாங்கள் கண்டதேயில்லை என்கிறார்கள். எவன் நம்புவான்? கள்வர் என்று பிடித்துச் சிறையில் இடுகிறார்கள். பின்பு ஒட்டகம் வேறோரிடத்தில் அகப்பட, பேரரசன் அவர்களை அழைத்து விளக்கம் கேட்கிறான்.

விளக்கம் எளிமையானது. பாதையின் ஒரு பக்கத்தில் நல்ல புல் இருக்கவும், மறுபக்கத்து மோசமான புல்லே மேயப்பட்டிருந்தது. ஆகவே ஒரு கண் தெரியாது. மென்ற புல் ஒரு பல்லளவு உருண்டைகளாக வழியிலே சிந்திக் கிடந்தது. ஆகவே பல்லிடையே வெளி உண்டு. மூன்று காலடிகள் தெளிவாகவும் நான்காவது இழுபட்டும் இருந்தன, ஆகவே நொண்டி. ஒருபுறம் எறும்புகள் மொய்த்தன, அது வெண்ணெய். மறுபுறம் ஈக்கள் மொய்த்தன, அது தேன். ஒட்டகம் மண்டியிட்ட இடத்தில் ஒரு பெண்ணின் காலடி இருந்தது. அருகே இரு கைகளையும் ஊன்றி எழுந்த அடையாளம் இருந்தது. ஆகவே அவள் பாரம் சுமந்தவள்.

வோல்போல் இக்கதையை நினைவிலிருந்து சொன்னபோது ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக்கிவிட்டார் என்பது வேறு விடயம். முக்கியமானது வேறொன்று. இந்த இளவரசருக்கு அதிர்ஷ்டத்தாற் கிடைத்தது என்ன? பாதையில் நடந்தார்கள், அவ்வளவுதான். அதே பாதையில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். தற்செயல் எல்லோருக்கும் பொது; மதிதான் அவர்களுடையது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று. மணிமேகலை, சமயவாதிகளின் கொள்கைகளை ஒவ்வொருவராகக் கேட்டறியும் காதையில், அளவைவாதி அனுமானத்தை மூன்றாக வகுத்துச் சொல்கிறான். அவற்றுள் ஒன்றுக்கு 'எச்சம்' என்று பெயர். ஆற்றிலே வெள்ளம் வரக் கண்டு, மேலே மலையில் மழை பெய்தது என்று துணிவது எச்சம். விளைவைக் கண்டு காரணத்தை அறிவது. மிஞ்சிக் கிடப்பதும் எச்சம், மிஞ்சியதிலிருந்து அறிவதும் எச்சம்! ஒட்டகத்தின் எச்சங்களை வாசித்த இளவரசர் செய்தது இதனையே.

இக்கதை வோல்போலின் கையை அடைந்த வழியும் நீளமானது. 1302ஆம் ஆண்டளவில் டில்லியில் வாழ்ந்த பெருங்கவிஞர் அமீர் குஸ்ரு, பாரசீக மொழியில் 'எட்டுச் சொர்க்கங்கள்' என்று பொருள்படும் 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்னும் காவியத்தை இயற்றினார். செரண்டிப் இளவரசர் கதை அதிலே உண்டு. 1557இல் வெனிஸ் நகரத்தில், கிறிஸ்தோபரோ ஆர்மெனோ என்பவர் பாரசீகத்திலிருந்து பெயர்த்ததாகச் சொல்லி இத்தாலிய நூலொன்று வெளிவந்தது. அதிலிருந்து 1719இல் பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து 1722இல் ஆங்கிலத்துக்கும் கதை போயிற்று. பிரெஞ்சு மேதை வொல்தேயர் 1747இல் எழுதிய 'சடிக்' என்ற கதையிலும் நாயகன் தான் காணாத நாயையும் குதிரையையும் தடயங்களால் வருணித்து, அதனாலேயே அகப்பட்டுக்கொள்கிறான்.

அப்படியாயின் இது நம் தீவிற் பிறந்த கதையோ? அவசரப்படக்கூடாது. அமீர் குஸ்ருவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய யூதர்களின் தல்மூத் நூலிலேயே, ஒற்றைக் கண் ஒட்டகத்தையும் அதன் முதுகிலிருந்த இரண்டு தோற்பைகளையும் தடயத்தால் அறிந்த கைதிகள் இருவரின் கதை வருகிறது. நம் தமிழிலும் இக்கதை உண்டு. அளகேச கதை என்னும் பழைய கதைநூலில், காணாமற்போன ஒட்டகத்தைக் காணாமலே வருணித்த இளைஞர் நால்வர் அரசனின் மந்திரிகளாகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பண்டித நடேச சாஸ்திரி அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனவே ஒட்டகம் ஒருவருக்கும் தனிச்சொத்தன்று. செரண்டிப் என்ற பெயர்மட்டும், தொலைதூரத்து அதிசயத் தேசம் என்ற அளவிலே, பாரசீகர் இக்கதைக்குப் போர்த்திய போர்வை. சிந்துபாத் தன் ஆறாவது கடற்பயணத்தில் வந்தடைவதும் இந்தச் செரண்டிப்பைத்தான்.

இனி, என் மாணவனின் கேள்விக்கு வருவோம். செரண்டிப் என்ற பெயர் எதிலிருந்து வந்தது?

அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் விடை, சிங்களத்துவீபம் என்னும் வடமொழிப் பெயரிலிருந்து என்பதே. பாளியில் அது சீஹளதீப. ஒலி மாறிய படிகளைப் பாருங்கள். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தொலமி, தப்ரபேன் என்று தாம் அழைக்கும் இத்தீவுக்குத் தம் காலத்தில் சாலிகே என்று பெயர் என்றும், மக்கள் சாலை எனப்பட்டனர் என்றும் எழுதினார். 4ஆம் நூற்றாண்டு இலத்தீன் வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ், உரோமப் பேரரசன் யூலியனிடம் தூது வந்தவர்களுள் செரெந்திவி மக்களையும் குறிக்கிறார். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்கர், இந்தியர் இத்தீவைச் சீலெதிபா என்பர் என்று எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பீரூனி, செரண்டிப்பையும் சங்கல்தீப்பையும் ஒரே தீவின் பெயர்களாகக் காட்டுகிறார். 1344இல் இங்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உபசரிப்பைப் பெற்றுச் சிவனொளிபாதமலைக்குச் சென்ற இப்னு பதூதாவும் செரண்டிப் என்ற பெயரை வழங்குகிறார். அரபு எழுத்தில் பகர வல்லொலிக்கு எழுத்தில்லை. ஆகவே 'தீப்' என்பது அவர்கள் எழுத்தில் மெலிந்து ஒலிக்கும்.

லகரம் ரகரமானது எவ்வாறு? இதிலும் வியப்பில்லை. பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்தில் ரகர ஒலி பெரும்பாலும் லகர எழுத்தாலேயே எழுதப்பட்டது. நமக்கோ இது நன்னூல் படித்த நாளிலேயே தெரியும். பந்தல் பந்தர் ஆகிறது. சாம்பல் சாம்பர் ஆகிறது. குடல் குடர் ஆகிறது. கடைப்போலி என்று நாம் இலக்கணம் படிப்பிக்கிறோம். நம் வாயில் நிகழ்வது பிறர் வாயிலும் நிகழும்.

இதற்கு எதிரே என் சேரன் தீவை வைத்துப் பார்த்தேன். சங்க நூல்கள் இத்தீவை ஈழம் என்கின்றன. பட்டினப்பாலையில் ஈழத்திலிருந்து வந்த பொருள் பேசப்படுகிறது. சிலப்பதிகாரம் இலங்கை என்று சொல்லிக் கயவாகு மன்னனையும் குறிக்கிறது. சேரன் தீவு என்று பெயரிட்டழைத்த பழந்தமிழ் நூலொன்றும் எனக்கு அகப்படவில்லை. சேரர் இத்தீவை ஆண்டதற்கும் சான்றில்லை. இன்னொன்று. பழைய வெளிநாட்டார் சேரரைச் சேரர் என்று எழுதவில்லை. அசோகன் கல்வெட்டில் அவர்கள் கேரளபுத்திரர். தொலமியின் நூலில் கெரோபொத்ரோஸ். அவர்கள் காதில் விழுந்தது ககரம். அவ்வாறிருக்கத் தீவின் பெயரில் மட்டும் சகரம் வந்தது எப்படி? தீவு என்ற சொல்லும் துவீபம் என்ற வடசொல்லின் வழிவந்ததே என்பது பொதுக்கருத்து. ஒன்றின்மேல் ஒன்றாய் வந்த இத்தனை கேள்விகளுக்கு முன் என் சேரன் தீவு நிற்கவில்லை. எனக்கு இருந்த ஒரே சான்று ஒலி ஒப்புமை. கேட்கும்போது ஒத்திருந்தது, அவ்வளவே.

ஈழம் என்ற சொல்லுக்கும் சிங்களம் என்ற சொல்லுக்கும் உறவுண்டா என்பது அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுவரும் தனி வழக்கு. அதனை இன்று திறக்கமாட்டேன்.

நேயர்களே, உள்ளதைச் சொல்கிறேன். புத்தகத்தை மூடியபோது எனக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது. பெயர்களுக்காகப் பெருந்துன்பம் பட்ட நாடு இது. இந்த மண்ணில் ஒரு சொல் யாருடையது என்ற கேள்வி வெறும் அகராதிக் கேள்வியாக இருந்ததில்லை. அதனாலேதான் நானும் ஒரு சொல்லை எம்முடையது என்று எடுத்துக்கொண்டபோது அவ்வளவு மகிழ்ந்தேன். ஆனால் அதே காரணத்தினாலேயே இதில் நாம் இரட்டிப்பு நேர்மையாக இருக்கவேண்டும். சான்றில்லாத ஒன்றை எம்முடையது என்று மாணவருக்குக் கற்பித்தால், நாளை அவன் சான்றுள்ள ஒன்றைச் சொல்லும்போதும் உலகம் நம்பாது. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்று உலக மொழிகளுக்குள் நாம் தந்தவையாக அறிஞர் ஒப்புக்கொள்ளும் சொற்கள் இருக்கின்றன. பாரதியாரும் தம் பாடலொன்றிலே இத்தீவை ஏறக்குறைய அந்தச் சிங்களத்துவீபம் என்ற பொருள்பட்ட பெயராலேயே தயக்கமின்றி அழைத்திருக்கிறார். அதனால் அவருடைய தமிழ் குறைந்துவிடவில்லை.

மீண்டும் சொல்லின் வாழ்வுக்குத் திரும்புவோம். பிறந்த சொல் உடனே உலகுக்கு வரவில்லை. கடிதத்துக்குள்ளேயே உறங்கிற்று. அடுத்த ஆண்டு, 1755இல், சாமுவேல் ஜோன்சனின் பேரகராதி வெளிவந்தது. அதில் இச்சொல் இல்லை. வோல்போல் 1797இல் மறைந்தார். மானுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1833இல் அச்சேறின. 1875இல் எட்வேட் சொலி என்பவர், நூலன்பர்கள் எழுதிவந்த ஒரு சஞ்சிகையில் இச்சொல்லை எடுத்துப் பேசினார். அதன்பின் பழைய நூல் தேடுவோரிடையே சிறிது உலாவி, 20ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானிகளின் கைக்கு மாறிற்று. அமெரிக்க உடலியலாளர் வோல்ரர் கனன் 1945இல் வெளிவந்த தம் நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

விஞ்ஞானிகளுக்கு இச்சொல் ஏன் பிடித்தது? 1928இல் இலண்டன் செயின்ற் மேரி வைத்தியசாலையில் அலெக்சாந்தர் பிளெமிங், விடுமுறை முடிந்து வந்து பார்க்கிறார். கிருமி வளர்த்த தட்டு ஒன்றிலே பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருக்கின்றன. தட்டு பழுதாயிற்று என்று கழுவிவிடுவதே எவரும் செய்யக்கூடியது. பிளெமிங் நின்று பார்த்தார். பெனிசிலின் பிறந்தது. அதனை மருந்தாக்கிய புளோரி, செயின் ஆகிய இருவரோடும் 1945இல் நோபல் பரிசு பெற்றார். பூஞ்சணம் வந்து விழுந்தது தற்செயல். நின்று பார்த்தது மதி. அவதானிக்கும் துறைகளிலே, ஆயத்தமாயிருக்கும் மனத்துக்கே தற்செயல் துணைசெய்யும் என்ற கருத்தை லூயி பஸ்தேர் 1854இலேயே வெளியிட்டிருந்தார்.

சமூகவியல் அறிஞர் றொபேட் மேர்ட்டன் இச்சொல்லை முதன்முதற் கண்டதும் அகராதியில் வேறொரு சொல்லைத் தேடியபோதுதானாம். பின்னர் எலினோர் பார்பருடன் சேர்ந்து இச்சொல்லின் வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். 1958இல் எழுதி முடித்த நூல், பல பதிற்றாண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 2002இல் இத்தாலிய மொழியிலும் 2004இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வோல்போலின் சொல்லைப் போலவே அதன் வரலாறும் காத்திருக்கவேண்டியதாயிற்று.

இன்று இச்சொல் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பெயராகிவிட்டது. பொருளும் தேய்ந்து, இனிய அதிர்ஷ்டம் என்ற அளவில் நிற்கிறது. இரண்டு கால்களில் நடந்த சொல் ஒற்றைக் காலில் நொண்டுகிறது. மதி உதிர்ந்துபோய்த் தற்செயல்மட்டும் மிஞ்சிவிட்டது.

இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? நம் பழமொழிகளைத் தட்டிப் பார்த்தேன். 'கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல' என்கிறோம். ஆனால் அது தேடிப்போனதே எதிர்ப்பட்ட கதை. வோல்போல் அதனை ஏற்கமாட்டார். 'காக்கை ஏறப் பனம்பழம் விழுந்தது' என்கிறோம். அது வெறும் தற்செயல், காக்கைக்கு மதிக்குரிய பெருமை எதுவும் இல்லை. 'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது', 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்று நேர்மாறானதற்கு இரண்டிரண்டு பழமொழி வைத்திருக்கிறோம்! ஒன்றைத் தேடப்போய்த் தீயது வாய்ப்பதைச் சொல்ல நமக்கு வாய் நிறையச் சொற்கள். ஒன்றைத் தேடப்போய் நல்லதை மதியாற் கண்டுகொள்வதற்கு ஒரு சொல் இல்லை. 'தற்செயற் கண்டுபிடிப்பு' என்று எழுதுவோர் உளர். அது அந்த ஒற்றைக்காற் சொல்லின் மொழிபெயர்ப்பு.

அடுத்த நாள் வகுப்புக்குப் போனேன். "தம்பிமாரே, நேற்று நான் சொன்னது பிழை. சேரன் தீவு எண்டு ஒரு பழைய நூலும் சொல்லயில்லை. சிங்களத்துவீபம் எண்ட பேர்தான் வழிவழியா மாறி வந்திருக்கு" என்று கரும்பலகையில் தொலமியின் சாலிகேயிலிருந்து செரண்டிப் வரை எழுதிக் காட்டினேன். பந்தல், பந்தர் என்று கீழே எழுதியதும் பின் வரிசைக்காரன் சிரித்தான். தனக்குத் தெரிந்த இலக்கணம் தூரதேசத்துப் பெயரில் வேலை செய்வதைக் கண்ட சிரிப்பு அது.

முதலிற் கேள்வி கேட்டவன் சற்று முகம் வாடி, "அப்ப அது எங்கட இல்லையோ சேர்?" என்றான்.

"இந்தத் தீவின்ர பேர் தம்பி. இந்தத் தீவில இருக்கிற எல்லாருக்கும் அதில பங்கிருக்கு" என்றேன்.

பிறகு அச்சொல்லைத் தமிழில் ஆக்கித் தரும்படி கேட்டேன். 'தேடாப் பேறு' என்றான் ஒருவன். நல்ல சொல், ஆனால் மதி எங்கே என்றேன். சிறிது நேரம் கழித்துப் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நுண்பேறு."

நுண்ணறிவினால் வாய்த்த பேறு. சின்னஞ்சிறு சொல். முழுப்பொருளும் அதில் அடங்குமோ என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று தெரியும். நான் ஒரு பொய்யான பெருமையைச் சொல்லப்போய், ஒரு மாணவன் கேட்ட நேரிய கேள்வியால் ஓர் உண்மையான வரலாற்றையும் புதுச் சொல் ஒன்றையும் பெற்றேன். நான் தேடிப்போனவை அல்ல அவை. மதி என்னுடையதும் அன்று. அந்தப் பின் வரிசைப் பிள்ளையினுடையது.

இதனினும் சிறந்த சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.